பிச்சைச் சம்பளமா, உரிய பங்கா?

எங்கள் பகுதி முதியவர்களின் வாயில் இன்றும் வழங்குகின்ற ஒரு சொல் உண்டு. "பிச்சைச் சம்பளம்" என்பது அச்சொல். ஆதரவற்ற முதியோருக்கும் விதவைகளுக்கும் நோயாளருக்கும் அரசாங்கம் மாதந்தோறும் கொடுத்துவந்த சிறுதொகைக்கு மக்கள் தாமாகவே இட்ட பெயர் அது. அரசாங்கக் கடிதங்களில் அதற்குப் பொது உதவிப்பணம் என்று பெயர். 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தோடு வேர்விட்ட அந்த உதவி, பிற்காலத்தில் மாகாண சபைகளின் சமூக சேவைத் திணைக்களங்கள் வழியாகக் கிடைத்தது. ஆனால் கைநாட்டு வைத்து அதை வாங்கிய ஆச்சிக்கு அது என்றும் பிச்சைச் சம்பளமே.

இச்சொல்லை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். பிச்சை என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. கிடையாவிட்டால் முறையிட இடமில்லை. சம்பளம் என்பது வாங்குபவருக்கு உரியது. கொடாவிட்டால் தலை நிமிர்ந்து கேட்கலாம். ஒன்றுக்கொன்று பகையான இந்த இரண்டையும் நம் மக்கள் ஒரே சொல்லில் கட்டிப்போட்டார்கள். அது அறியாமையால் வந்த பிழை என்று நான் எண்ணவில்லை. அரசாங்கம் ஏழைக்குக் கொடுப்பது தர்மமா, அல்லது திருப்பித் தரவேண்டிய கடனா என்ற கேள்விக்கு நம் மனம் இன்னும் விடை காணவில்லை. அந்தத் தடுமாற்றமே அச்சொல்லில் வெளிப்படுகின்றது.

இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில் ஒரு தாய் தன் பெயர் பட்டியலில் உண்டா இல்லையா என்று பார்க்கப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையின் முன் நிற்கும்போது, அவள் எப்படி நிற்கவேண்டும்? கைகட்டி நிற்கவேண்டுமா, கணக்குக் கேட்க வந்தவளாக நிற்கவேண்டுமா? இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே அவளுடைய மானமும் நம்முடைய மனச்சாட்சியும் அமையும்.

எல்லோரும் ஒரே வரிசையில் நின்ற காலம்

ஒரு காலத்தில் இந்நாட்டில் இக்கேள்வியே எழவில்லை. 1942இல், உலகப் போரின் நெருக்கடியில், அரிசிப் பங்கீடு வந்தது. போர் முடிந்த பின்னும் கூப்பன் அரிசி நின்றுவிடவில்லை. கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை வரிசையில் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் நின்றது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் நின்றது. எல்லோரும் வாங்கியபடியால் எவருக்கும் வெட்கம் இருக்கவில்லை. தான் ஏழையென்று எவரும் எவருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அரிசியை மக்கள் பிச்சையாக எண்ணவில்லை என்பதற்கு 1953ஆம் ஆண்டு சாட்சி. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அதைத் தொடர்ந்து பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பிச்சை குறைந்தால் மனிதன் அழுவான். பங்கு குறைந்தால்தான் கோபம் கொள்வான். அன்று நாடு கொண்டது கோபம்.

பின்னர் காலம் மாறியது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே பங்கீட்டு அரிசி என்று வரையறுத்தார்கள். 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே இருந்தது; கடையில் விலை ஏறியது. ஏழைகளுக்குக் கொடுத்ததை எவரும் பறிக்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் முத்திரை வாங்கும் பொருளின் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஏனெனில், வசதியுள்ளவர்கள் வரிசையிலிருந்து போய்விட்டார்கள். குரல் உள்ளவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படும் உதவி காலப்போக்கில் ஏழ்மையான உதவியாகிவிடுகிறது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகின்றது.

1989இல் ஜனசவிய வந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, இரண்டு ஆண்டுகளுக்கு. அதில் ஒரு பகுதி உணவுக்கு, மறுபகுதி கட்டாயச் சேமிப்புக்கு. 1995இல் சமுர்த்தி வந்தது. 2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியது. இப்பெயர்களின் பொருளைக் கவனியுங்கள். ஜனசவிய என்றால் மக்கள் வலிமை; சமுர்த்தி என்றால் செழிப்பு; அஸ்வெசும என்றால் ஆறுதல். வலிமையும் செழிப்பும் தருவதாகப் புறப்பட்ட அரசு, 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் ஆறுதலோடு நிற்கின்றது. இதில் ஒரு நேர்மையும் இருக்கின்றது என்றே சொல்லவேண்டும்.

எண்ணப்படாத ஏழைகள்

துணுக்காய்க்கு வருவோம். மல்லாவி, யோகபுரம், ஆலங்குளம், உயிலங்குளம், தேறாங்கண்டல் என்று பரந்து கிடக்கும் இப்பகுதியின் உயிர்நாடி குளங்களே. பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் 1950களில் புனரமைக்கப்பட்டபோது, காணியில்லாத பல குடும்பங்கள் குடாநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியேறின. கையிலிருந்த வறுமையைக் கத்தியும் மண்வெட்டியுமாக மாற்றிக்கொண்ட மக்கள் அவர்கள்.

1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் மக்கள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்தபோது, அவர்களில் பலர் வந்து இறங்கியது மல்லாவியிலும் துணுக்காயிலுமே. வீட்டு முற்றங்களிலும் மரநிழல்களிலும் தறப்பாள்கள் எழுந்தன. இந்த ஊர்க் குடும்பங்கள் கிணற்றையும் அடுப்பையும் பகிர்ந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2008இல், அதே குடும்பங்கள் கிழக்கு நோக்கி ஓடின. 2009இல் உயிர் தப்பியவர்கள் மனிக்பாம் முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். 1996இல் கொடுத்த கை 2009இல் ஏந்திய கையாயிற்று. கொடுப்பவர் என்றும் வாங்குபவர் என்றும் மனிதரில் இரண்டு சாதி இல்லை என்பதைத் துணுக்காய் மக்களுக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை.

இவ்வளவு துன்பமும் அரசாங்கத்தின் கணக்கில் நெடுங்காலம் ஏறவேயில்லை. தேசிய அளவில் குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் ஆராய்கின்ற அளவீடு, போர் முடிந்த பின் 2012/13இல்தான் முதன்முறையாக முல்லைத்தீவு உட்பட எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கியது. எண்ணிப் பார்த்தபோது என்ன தெரிந்தது? நாடு முழுவதற்கும் வறுமை 6.7 வீதம், முல்லைத்தீவுக்கு 28.8 வீதம். இருபத்தைந்து மாவட்டங்களில் முதலிடம். 2016இல் அதே கணக்கு முல்லைத்தீவுக்கு 12.7 வீதம் என்றது. வறுமைக் கோட்டைக் காலத்துக்கேற்பத் திருத்திய பின் 2019இன் கணக்கு வந்தது: நாட்டுக்கு 14.3 வீதம், முல்லைத்தீவுக்கு 44.5 வீதம். அளவுகோலை மாற்றியதும் ஏழைகளின் தொகை பன்மடங்காயிற்று. அடுப்பில் உலை வைத்துக் காத்திருந்தவளுக்கோ எந்த அளவுகோலிலும் பசி ஒன்றுதான்.

ஆகவே முதல் உண்மை இது: எண்ணப்படாதவருக்கு உதவி இல்லை. ஏழையைச் சரியாக எண்ணுவது நீதியின் தொடக்கம். அதனால்தான் புள்ளியியலும் ஓர் ஒழுக்கவியல் கேள்வியாகின்றது.

சுவர் தெரிகிறது, கடன் தெரிவதில்லை

அஸ்வெசும எவ்வாறு ஏழையை எண்ணுகிறது? கூலியாளுக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. விவசாயிக்கு மாத வருமானம் என்று ஒன்றில்லை. எனவே வருமானத்தைக் கேட்பதற்குப் பதிலாக, வாழ்க்கையின் அடையாளங்களைப் பார்க்கிறார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகள். அவற்றுக்குப் புள்ளிகள். புள்ளிகளின்படி நான்கு வகுப்புகள். 2023இல் தொடங்கியபோது மிக வறியோருக்கு மாதம் 15,000 ரூபா, வறியோருக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, இடைநிலையோருக்கு 2,500 என்று வகுத்தார்கள். 2025இன் தொடக்கத்திலிருந்து முதல் இரண்டு தொகைகளும் 17,500, 10,000 ரூபா என உயர்ந்தன.

இம்முறையை எடுத்த எடுப்பில் பழிப்பது நியாயமாகாது. சமுர்த்திக் காலத்தில் நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. தேவையற்றவர்களில் பலர் உள்ளேயும் தேவையுள்ளவர்களில் பலர் வெளியேயும் இருந்ததை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டின. கட்சிக்காரரின் சிபாரிசில் ஏறிய பெயர்களும் உண்டு. ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கேட்பது மேலானது. தெரிந்த முகத்துக்குச் சாயாத விதி ஏழையின் நண்பன்.

ஆனால் விதிக்குக் கண் உண்டு, காது இல்லை. கற்பனையாக ஒரு தாயை எண்ணிக்கொள்ளுங்கள். துணுக்காய்ப் பக்கம் இவளைப் போன்றவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கணவன் போரில் இல்லாமற்போனான். மீளக்குடியேறியபோது தகரக் கொட்டில். பிறகு வீட்டுத் திட்டத்தில் கல்வீடு. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 550,000 ரூபா. அத்தொகையில் வீட்டை முடிக்க முடியாமல் கடன்பட்டவர்கள் பலர். இவள் காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடைவு வைத்தாள்; நுண்கடன் எடுத்தாள்; ஒரு கடனை அடைக்க மற்றொன்று எடுத்தாள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்பதாக அறிவிக்க நேர்ந்ததென்றால், அந்தச் சுமை எத்தகையது என்று புரியும்.

இன்று கணக்கெடுப்பவர் அவள் வாசலில் நிற்கிறார். சீமெந்துச் சுவர் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஓட்டுக் கூரை தெரிகிறது. அந்தச் சுவருக்குள் புதைந்த கடன் தெரிவதில்லை. வீடு கிடைத்தது அவளுடைய வறுமைக்காக. இப்போது அந்த வீடே அவளுடைய வறுமைக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது.

இன்னுமொன்று. வன்னியில் வறுமை நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்பதில்லை. காலபோகம் விளைந்தால் நான்கு மாதம் நிமிர்ந்திருக்கும் குடும்பம், மழை பொய்த்தாலோ வெள்ளம் வந்தாலோ ஒரே வாரத்தில் விழுந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்தபின் வெட்டுக் கூலி நாட்களும் குறைந்தன. எந்த மாதத்தில் வந்து எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்து அதே குடும்பம் ஏழையாகவும் தெரியும், ஏழையல்லாததாகவும் தெரியும். ஒருமுறை எடுத்த கணக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், அது பழைய நிழற்படத்தைப் பார்த்து இன்றைய நோய்க்கு மருந்து கொடுப்பது போலாகும்.

பொறாமையா, நீதியா?

2023 யூன், யூலை மாதங்களில் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. தமக்குக் கிடைக்கவில்லை என்று முறையிட்டவர்கள் அவர்கள். அதனோடு இன்னொரு கதவும் திறக்கப்பட்டது. பட்டியலிலுள்ள இன்னொருவர் தகுதியற்றவர் என்று எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்பதே அது. பல்லாயிரக்கணக்கான ஆட்சேபனைகளும் சென்றன.

வாசக அன்பர்களே, இங்குதான் கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. அயல்வீட்டார் பொய் சொல்லி உதவி பெறுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால், எழுதுவீர்களா, எழுதாமல் விடுவீர்களா?

எழுதுவது கடமை என்பார் ஒருவர். உழவு இயந்திரமும் வெளிநாட்டுப் பணமும் உள்ள வீட்டுக்குப் போகும் ரூபா, இல்லாத வீட்டிலிருந்து பிடுங்கிய ரூபா என்பது அவர் வாதம். அது உண்மைதான். பெட்டியில் இருப்பது அளவான பணம். மற்றொருவர் சொல்வார்: காட்டிக்கொடுப்பதால் இந்த மண் பட்டதெல்லாம் போதாதா? எழுதாத கடிதங்களாலும் எழுதிய கடிதங்களாலும் எத்தனை குடும்பம் அழிந்தது? அயலவரை எழுதிக்கொடுக்கப் பழகிய ஊரில் எவர் நிம்மதியாய் உறங்குவார்? இதுவும் உண்மைதான்.

நான் காணும் வழி இது. முதலில் உங்கள் கோபத்தைச் சோதியுங்கள். அந்த வீட்டுக்குக் கிடைத்ததனால் கோபமா, அல்லது உண்மையாகவே பசித்திருக்கும் மூன்றாவது வீட்டுக்குக் கிடைக்காததனால் கோபமா? இரண்டாவதே காரணமென்றால், எழுதவேண்டிய முதற்கடிதம் அந்த மூன்றாவது வீட்டுக்கான மேன்முறையீடு. விடுபட்டவளுக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுக்காத கை, சேர்க்கப்பட்டவருக்கு எதிராக ஆட்சேபனை எழுதினால், அங்கே வேலை செய்வது பொறாமை; நீதியின் உடையை அது இரவல் வாங்கியிருக்கிறது.

இரண்டாவது, சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே முதலில் சொல்லுங்கள். "தம்பி, உனக்கு இது தேவையில்லை, பின்வீட்டு அக்காவுக்குத் தேவை, விலகிக்கொள்" என்று சொல்லும் துணிவு இல்லாதவருக்கு, பெயரில்லாக் கடிதம் எழுதும் உரிமையும் இல்லை. நேரில் சொல்லியும் கேளாவிட்டால், உங்கள் பெயரோடு முறைப்படி சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பதாகாது.

மூன்றாவது, பொய் சொல்லிப் பெறுபவருக்கும் ஒரு வார்த்தை. "அரசாங்கப் பணந்தானே" என்று சொல்லாதீர்கள். பட்டியலுக்கு எல்லை உண்டு. நீங்கள் அமர்ந்த இடம் காலியான இடமன்று. யாரோ ஒருத்தி எழுந்து நின்றதனால் உங்களுக்குக் கிடைத்த இடம் அது.

சோம்பலைப் பற்றி

"இப்படிக் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்குகிறார்கள்" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். வேலை செய்ய மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்று புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதினாரே என்று எடுத்துக்காட்டுவோரும் உண்டு. அவர் சொன்னது மனமில்லாதவனை, வேலையில்லாதவனை அன்று. ஒரு காலை இழந்தவனையும், கைக்குழந்தையை விட்டுக் கூலிக்குப் போக முடியாதவளையும், எழுபது வயதில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாவையும் அவர் சொல்லவில்லை.

கணக்கையும் பாருங்கள். 10,000 ரூபாவை நான்கு பேருள்ள குடும்பத்தில் முப்பது நாளுக்குப் பகிர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 83 ரூபா. 2024இல் ஒருவர் ஒரு மாதம் வாழ்வதற்குக் குறைந்தபட்சத் தேவையென அரசே கணித்த வறுமைக் கோடு ஏறத்தாழ 16,000 ரூபா. நான்கு பேருக்கு 64,000. அதில் 10,000 என்பது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதை அவர்கள் எங்கிருந்து பெறுகிறார்கள்? உழைத்துத்தான். ஆறில் ஒரு பங்கைக் கொண்டு சோம்பியிருக்கும் வித்தையை எவராலும் கற்க முடியாது.

உண்மையில் சோம்பலை வளர்ப்பது வேறொன்று. கொஞ்சம் நிமிர்ந்தால் உதவி உடனே நின்றுவிடும் என்ற பயம் அது. பிள்ளை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால் புள்ளி குறையுமோ, ஒரு மாடு கூடினால் பெயர் வெட்டப்படுமோ என்று அஞ்சும் குடும்பம், முன்னேறவும் அஞ்சும். ஏறுகின்றவனின் காலடி ஏணியை உடனே இழுப்பதைவிட, அவன் உறுதியாக நிற்கும்வரை பிடித்திருப்பதே உதவி.

வள்ளுவரைப் பாருங்கள். இரத்தல் பற்றி ஓர் அதிகாரம் செய்தவர், அதற்கு அடுத்த அதிகாரத்துக்கே "இரவச்சம்" என்று பெயரிட்டார். தேவைக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்க நேர்வதே மானமுள்ளவனை நடுங்கச் செய்யும். ஏழைக்கு அந்த நடுக்கம் நம்மைவிட அதிகம். அதைச் சோம்பல் என்று பெயரிட்டு அவமதிக்கலாகாது.

குளம் சொல்லும் பாடம்

அப்படியானால் இந்த உதவி என்ன? பிச்சையுமன்று, செய்த வேலைக்குச் சம்பளமுமன்று. இதற்குச் சரியான பெயரைத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. வவுனிக்குளத்துக் கட்டில் ஏறி நின்றாலே போதும்.

சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. அந்த ஆண்டுகளில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடுகிறார்கள். குளத்தில் இத்தனை அடி நீர் என்று எல்லோர் முன்னும் சொல்லப்படும். இத்தனை ஏக்கர் செய்யலாம் என்று தீர்மானிப்பார்கள். தன் வயல் எங்கே இருந்தாலும், நீர் பாயும் பகுதியில் அவரவருக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர் வாய்க்காலின் கடைசியில் உள்ளவருக்குப் பிச்சை போட்டதாக அங்கே எவரும் நினைப்பதில்லை. பங்கு வாங்கியவர் கைகட்டி நிற்பதுமில்லை. ஏன்? குளம் தனியொருவருடையதன்று. வானம் பெய்த மழை. எல்லோரும் கட்டிக் காத்த அணை.

நாட்டின் செல்வமும் ஒரு குளம். அதில் ஏழையின் நீரும் இருக்கிறது. தேயிலைத் தூள் வாங்கும்போதும் சவர்க்காரம் வாங்கும்போதும் அவள் வரி கட்டுகிறாள். அவள் நட்ட நெல்லை நாடு உண்கிறது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டிலேயே, ஏழைகளுக்கான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.6 வீதத்துக்குக் குறையக்கூடாதென்று ஒரு கீழ்வரம்பு வைக்கப்பட்டது. ஆயிரம் ரூபாவில் ஆறு ரூபா. கடன் கொடுப்பவரே அடிமட்டமாக எழுதிவைத்த ஒன்றை நாம் கருணை என்று அழைப்பது பொருந்துமா?

குளத்துக் கூட்டத்தில் ஒரு குறையும் உண்டு. காணியுள்ளவர்தான் அங்கே அமர்கிறார். குடியேற்றக் காணி உத்தரவுப்பத்திரத்தில் ஒரு பிள்ளையின் பெயரே பின்னுரித்தாளியாக எழுதப்பட, மற்றப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் காணியற்றவர்களாயினர். அவர்களுக்கு எந்தக் கூட்டத்திலும் கதிரை இல்லை. நாடென்ற பெரிய குளத்தின் பங்குதான் அவர்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பங்கு.

வேதாகமம் அறிந்தோருக்கு இது புதிதன்று. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைத் திரும்பிப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று லேவியர் புத்தகம் விதிக்கின்றது. ரூத் என்ற கைம்பெண் அந்த விதியின்படியே கதிர் பொறுக்கினாள். வயற்காரன் இரங்கினால் விடு என்று அங்கே சொல்லப்படவில்லை; விடு என்றே கட்டளை. ஓரம் ஏழையுடையது. இன்றைய வயலை இயந்திரம் ஓரம்வரை அறுத்துவிடுகிறது. நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் விடப்படும் ஓரமே இன்றைய கதிர்.

நாம் செய்யக்கூடியது

உதவி ஒரு பங்கு என்றால், இரு பக்கமும் கடமை பிறக்கின்றது. அரசு வெளிப்படையான விதியால் எண்ணவேண்டும், அடிக்கடி எண்ணவேண்டும், ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பவருக்கு அவருடைய மொழியில் விளங்கும் காரணம் சொல்லவேண்டும். விலை ஏறும்போது தொகையும் ஏறவேண்டும். உணவு முத்திரையின் கதை மீண்டும் நடக்கலாகாது. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர் "நீ" என்று அழைக்காமல் "நீங்கள்" என்று அழைப்பதற்குத் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் தேவையில்லை.

நாமோ? எழுத வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் இந்த மாதம் ஒரு வீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அடையாள அட்டை இல்லாத முதியவரைக் கிராம அலுவலரிடமும், வங்கிக் கணக்கில்லாதவளை வங்கிக்கும் அழைத்துப் போகலாம். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபையும், "நம் கிராமத்தில் பட்டியலில் இல்லாமல் பசித்திருப்பவர் எவர்?" என்ற ஒரே கேள்விக்காக ஒரு மாலை கூடலாம். தேவை நீங்கியவர் தாமாகவே விலகிக்கொள்ளலாம். கூப்பன் வரிசையில் எல்லோரும் சமமாக நின்ற காலம் திரும்பாது. ஆனால் வரிசையில் நிற்பவரைத் தாழ்வாகப் பார்க்காதிருக்க நம்மால் முடியும்.

முதலில், அந்தப் பழைய சொல்லைக் கைவிடுவோம். அடுத்த முறை அயல்வீட்டு ஆச்சி பிரதேச செயலகத்துக்குப் புறப்படும்போது, "பிச்சைச் சம்பளத்துக்கோ போறியள்?" என்று கேளாதீர்கள். "உங்கட பங்கு வந்திட்டுதோ அம்மா?" என்று கேளுங்கள். நடக்க முடியாதவரென்றால், சைக்கிளில் ஏற்றிக்கொண்டும் போங்கள்.